இலை மிஞ்சிய கல்யாணம்

கேள்வி: சென்ற ஐப்பசியில் மயிலாடுதுறையில் எங்கள் மூத்த மகள் கல்யாணத்தை நடத்தினோம். முதல் நாள் ரிசப்ஷனுக்கு 700 இலை, மறுநாள் முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 400 இலை என்று சமையல் காண்ட்ராக்டரிடம் சொல்லியிருந்தோம். அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. ரிசப்ஷனுக்கு வந்தவர்கள் 350 பேரைத் தாண்டவில்லை. மறுநாள் காலையில் 200 பேருக்கும் குறைவு. நான் மண்டப வாசலிலேயே நின்று ஒவ்வொருவருக்காகப் போன் செய்துகொண்டிருந்தேன். என் கணவர் யாரிடமும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "உங்க பக்கம் சொந்தம் ரொம்பக் கம்மியோ?" என்று சம்பந்தியம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மிஞ்சிய சாப்பாட்டை ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல், பெரும்பகுதியைக் குழி வெட்டிக் கொட்டினோம். பணம் மட்டும் 700 இலைக்கும் கொடுத்தாயிற்று. வராத சொந்தக்காரர்களோடு இன்றுவரை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. வரும் வைகாசியில் இளையவளுக்கு முகூர்த்தம் குறித்திருக்கிறோம். மறுபடியும் இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது?

— வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, நீங்கள் வாசலில் நின்று போன் செய்துகொண்டிருந்ததாக எழுதிய வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. உள்ளே 350 பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மழையில் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் மாறி, நனைந்துகொண்டு வந்தவர்கள். அவர்களை "வாங்க" என்று கூப்பிட்டுப் பந்திக்கு அழைத்துப்போக வேண்டிய பெண்ணின் அம்மா, வராதவர்களுக்காக வாசலில் நின்றிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் எந்தத் தாய்க்கும் கால் வாசலை விட்டு நகராது. ஆனால் வைகாசியில் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் காரியம் இதுதான். மற்றவை சமையற்கட்டுக் கணக்கு. அவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

முதலில் நேரம். பத்திரிகையில் மாலை 6.30 என்று போட்டால் நம் ஊரில் 7.30-க்குத்தான் ஆட்கள் வரத் தொடங்குவார்கள்; எட்டிலிருந்து ஒன்பதுக்குள்தான் நெருக்கடி. ஏழு மணிக்குக் காலி நாற்காலியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். எட்டு மணிக்கும் முதல் பந்தி நிறையவில்லை என்றால், எதிர்பார்த்ததில் பாதிதான் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அரை மணி நேரத்துக்குள் மூன்று பேருக்குச் செய்தி போயாக வேண்டும்: சமையல் மாஸ்டருக்கு, பந்தி பார்ப்பவருக்கு, மிஞ்சுவதை வாங்கிக்கொள்ளும் இல்லத்துக்கு. இதை நீங்களோ உங்கள் கணவரோ செய்யக் கூடாது. பெண்ணின் தாய்மாமனோ சித்தப்பாவோ, பதற்றப்படாத ஒருவரிடம் இந்தப் பொறுப்பை முன்கூட்டியே ஒப்படைத்துவிடுங்கள். போன் செய்வதும் அவர் வேலைதான். அதுவும் எல்லோருக்கும் செய்ய வேண்டாம். வேனிலும் பஸ்ஸிலும் கிளம்பிவிட்டவர்களுக்கு மட்டும் போதும். அவர்கள் எங்கே வந்துகொண்டிருக்கிறார்கள், எத்தனை பேர் என்பது மாஸ்டருக்குத் தேவை. வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு "ஏன் கிளம்பலை?" என்று கேட்டால் அவருக்கும் சங்கடம், பக்கத்தில் நிற்பவர் காதிலும் அது விழும்.

மாஸ்டரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நிறைய ஆகும். கல்யாணச் சமையலில் எல்லாமே ஒரே நேரத்தில் முடிந்துவிடுவதில்லை. லட்டு, ஜாங்கிரி எல்லாம் முதல் நாளே பிடித்து வைத்தவை; அவற்றைக் குறைக்க முடியாது, ஆனால் அவை கெடவும் கெடாது. இட்லி ஈடு ஈடாக வேகிறது. தோசை ஆளைப் பார்த்து ஊற்றுவது. சப்பாத்தியைத் திரட்டி வைத்துக் கேட்கக் கேட்கப் போடலாம். வடைமாவில் உப்பைக் கடைசியில் சேர்த்தால் மாவு நீர்த்துப்போகாமல் நிற்கும். பொரியலுக்குக் காயை அரைவேக்காட்டில் வடித்து வைத்துவிட்டு, பந்திக்குப் பந்தி தாளித்துக் கொட்டலாம். சாம்பாருக்குப் பருப்பும் காயும் தனித்தனியாக வெந்திருந்தால், தேவைக்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ளலாம். சாதத்தையும் இரண்டு மூன்று உலையாகப் பிரித்து வைக்க முடியும். ஆபத்து எதில் என்றால் பிரிஞ்சி, சாம்பார் சாதம், தயிர் சாதம் மாதிரி ஒரே அண்டாவில் மொத்தமாகக் கிளறி இறக்குவதில்தான். 700 பேருக்கு ஒரு முறை கிளறியாகிவிட்டால் அப்புறம் எந்தச் செய்தி சொல்லியும் பயனில்லை. உங்கள் ரிசப்ஷன் மெனுவை நீங்கள் எழுதவில்லை. ஆனால் அவ்வளவு மிஞ்சியது என்பதைப் பார்த்தால் எல்லாமே ஆறு மணிக்குள் இறக்கப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பல சமையல்காரர்கள் இப்படிச் செய்வது அவர்கள் வசதிக்காக. முன்கூட்டியே இறக்கிவிட்டால் பரிமாறுகிற நேரத்தில் சமையற்கட்டில் ஆள் குறைவாகப் போதும். அதனால் வைகாசிக்குப் பேசும்போது மெனுவோடு சேர்த்து, எந்தெந்தப் பண்டம் எத்தனை ஈடாக ஏறும் என்பதையும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிற மாஸ்டரை நம்பலாம்.

இன்னொன்றும் உண்டு. ரிசப்ஷனுக்கு ஆள் குறைந்தால் மறுநாள் காலையிலும் குறையும். டவுன் கல்யாணங்களில் ஆபீஸ் நண்பர்கள் மாலையோடு முடித்துக்கொள்கிறார்கள். முகூர்த்தத்துக்கு நிற்பது நெருங்கிய சொந்தம்தான். எனவே ராத்திரியே மாஸ்டரோடு உட்கார்ந்து காலைக் கணக்கைத் திருத்திவிட வேண்டும். மிஞ்சிய இட்லிமாவு காலை டிபனுக்கு ஆகும். புதிதாகப் பொங்கல் வைப்பதைக் குறைக்கலாம். நறுக்காத காய்கறி மதியச் சமையலுக்கு. விருந்துச் சாப்பாட்டில் ஒரு கிலோ அரிசி எட்டுப் பத்துப் பேருக்கு வரும். முகூர்த்தத்துக்கு 200 பேர் குறைவார்கள் என்று முதல் நாள் ராத்திரியே சொல்லியிருந்தால், இருபது கிலோவுக்கு மேல் அரிசி மூட்டையிலேயே நின்றிருக்கும்.

மண்டபத்துக்குள் செய்ய வேண்டியது எளிது. பின்வரிசை நாற்காலிகளை அடுக்கி ஓரமாக எடுத்துவிட்டு, இருப்பவர்களை முன்னால் அழைத்து உட்காரவையுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பாதி மேசைகளுக்கு இலை போட வேண்டாம். பாதி நிறைந்த இரண்டு பந்தியைவிட நிறைந்த ஒரு பந்தி எல்லோருக்கும் சந்தோஷம், பரிமாறுபவர்களுக்கும் சுலபம். போட்டோகிராபரிடம், கூடம் முழுவதையும் எடுக்காமல் முகங்களை எடுக்கச் சொல்லுங்கள். மேடையில் வரிசை குறைவாக இருக்கிறதா? பெண்ணையும் மாப்பிள்ளையையும் கீழே இறங்கி வரச் சொல்லுங்கள். 700 பேர் வந்திருந்தால் ஆளுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைத்திருக்காது; பரிசைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, அடுத்தவர் தள்ள இறங்கியிருப்பார்கள். கூட்டம் குறைந்த கல்யாணத்தில் மட்டும்தான் மாப்பிள்ளைக்கு உங்கள் பெரியம்மா யார், மாமா யார் என்று உட்கார்ந்து அறிமுகப்படுத்த முடியும். அதற்கப்புறம் உங்கள் இடம் பந்தி. நீங்களும் உங்கள் கணவரும் ஒவ்வொரு இலையாகப் போய் "நல்லா சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லட்டுமா?" என்று விசாரியுங்கள். மழையில் வந்தவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை நம் ஊரில் கிடையாது. அவரிடம் போய் "யாருமே வரலை பாருங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வந்து உட்கார்ந்திருக்கிறவர் அதைக் கேட்டால் மனம் சுருங்கிப்போவார்.

சம்பந்தியம்மா கேட்டது வருத்தம் தரும் கேள்விதான். அவர் குத்திக் காட்டவே சொல்லியிருக்கலாம். அல்லது தம் சொந்தக்காரர்கள் முன்னால் தமக்கும் கௌரவக் குறைவு என்று அவரே உள்ளூரத் தவித்திருக்கலாம். எதுவானாலும் பதிலை நீட்ட வேண்டாம். "மழைங்க சம்பந்தி, வண்டி கிளம்பலை. பொண்ணையும் மாப்பிள்ளையையும் நானே எல்லா வீட்டுக்கும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்ற அளவில் சொல்லி, அவரையே கையோடு பந்திக்கு அழைத்துப் போய்விடுங்கள். ஒன்று யோசித்துப் பாருங்கள். 2020-ல் ஊரடங்கு நேரத்தில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள்கூட வீட்டுக் கூடத்தில் தாலி கட்டினார்கள். அந்தத் தம்பதிகளுக்கு இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, உங்கள் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சாப்பாட்டைக் குழி வெட்டிக் கொட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். தஞ்சைப் பக்கத்தில் நெல்லோடு வாழ்ந்த குடும்பத்துக்கு அது எவ்வளவு கனமான காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பதினோரு மணிக்கு அதைத் தவிர உங்களுக்கு வேறு வழியும் இருந்திருக்காது. முதியோர் இல்லத்திலும் குழந்தைகள் காப்பகத்திலும் ராத்திரிச் சாப்பாடு ஏழரை எட்டுக்குள் முடிந்துவிடும். ஒன்பதுக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். ரிசப்ஷன் முடிந்து, பாத்திரம் ஒதுக்கி, பிறகு கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே அருகில் உள்ள இரண்டு இல்லங்களுக்கு நேரில் போய், அன்று எத்தனை மணி வரை வாங்கிக்கொள்வீர்கள், எத்தனை பேருக்கு வேண்டும், பாத்திரம் இருக்கிறதா என்று பேசி வையுங்கள். எட்டரை மணிக்குள் செய்தி சொல்லிவிட்டால் அவர்களால் தயாராக இருக்க முடியும். பெரிய ஊர்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு, விசேஷங்களில் மிஞ்சும் சாப்பாட்டை வாங்கிப் பசித்தவர்களிடம் சேர்ப்பதையே வேலையாகச் செய்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமும் 2019-ல் உபரி உணவை மீட்டு வழங்குவதற்கென்று தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது.

கொடுப்பதிலும் கவனம் வேண்டும். இலையில் வைத்ததையோ பரிமாறும் வாளியில் மிஞ்சியதையோ கொடுக்கக் கூடாது. கரண்டி மட்டும் பட்ட அண்டாவிலிருந்து, மூடி போட்டு, சூடாகக் கொடுக்க வேண்டும். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் கிடந்தால் கிருமி பெருகும். சாதத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தேங்காய் சேர்ந்த அவியல், கூட்டு, சட்னி எல்லாம் வைகாசி வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் போகிற சாப்பாடு இது. சந்தேகமாக இருந்தால் கொடுக்காமல் இருப்பதே புண்ணியம். லட்டுக்கும் உடைக்காத தேங்காய்க்கும் இந்தக் கவலை இல்லை. மிஞ்சிய தாம்பூலப் பைகளைப் பிரிக்காதீர்கள். அவற்றுக்கு வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

இப்போது வராதவர்களைப் பற்றி. இதை நிதானமாகப் படியுங்கள், அம்மா. ஐப்பசி மழையில், ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது, வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு யார் கிளம்புவார்கள்? மழை இல்லாத நாளிலும் காரணங்கள் உண்டு. பங்காளிகளில் ஒருவர் இறந்து தீட்டு வந்துவிட்டால் அந்த வகையறா முழுவதும் வராது. ஒரு தெருவே வரவில்லை என்று நீங்கள் நினைத்தது ஒரே ஒரு சாவினால் இருக்கலாம். கல்யாண வீட்டுக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று உங்களிடம் மறைத்திருப்பார்கள். கணவரை இழந்து வருஷம் முடியாத பெண்கள், நீங்கள் எவ்வளவு ஆசையாக அழைத்தாலும், யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். முகூர்த்த நாளில் ஒரே குடும்பத்துக்கு மூன்று பத்திரிகை வந்திருக்கும். அப்பா ஒரு கல்யாணம், அம்மா ஒன்று, மகன் ஒன்று என்று பிரிந்து போவார்கள். சிலருக்கு, மொய் வைக்கக் கையில் காசில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உங்கள் மொய் நோட்டில் பெயர் இல்லாதவர்களை எல்லாம் பகையாளிகள் என்று எழுதிக்கொண்டால், இந்தப் பெண்களையும் இந்த ஏழைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

மொய்யைப் பற்றியும் ஒரு வார்த்தை. காண்ட்ராக்டருக்குக் கொடுக்க வேண்டிய மீதிப் பணத்தை மொய் வந்ததும் தீர்த்துவிடலாம் என்று பல வீடுகளில் இருக்கிறார்கள். பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் மொய்விருந்தே நடத்திப் பணம் திரட்டும் வழக்கம் உண்டு. அங்கே நோட்டும் கணக்கும் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. உங்கள் கல்யாணம் அந்த ஏற்பாட்டில் நடப்பதல்ல என்றால், மொய்யை வருமானமாக வைத்துச் செலவைத் திட்டமிடாதீர்கள். அப்படித் திட்டமிட்டால், வராத ஒவ்வொருவரும் உங்கள் கண்ணுக்குக் கடனாளியாகத் தெரிவார்.

வராதவர்களோடு உறவைச் சரிசெய்ய நம்மிடம் ஏற்கெனவே நல்ல வழக்கம் இருக்கிறது: புதுத் தம்பதியை விருந்துக்கு அழைப்பது. யாரும் அழைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூத்தவளும் மருமகனும் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, வர முடியாமல் போன பெரியவர்கள் வீட்டுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். "கல்யாணத்துக்கு ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள். "அன்னைக்கு மழையா இருந்துச்சு, ஆசீர்வாதம் வாங்கத்தான் வந்தோம்" என்று ஆரம்பியுங்கள். காரணம் தானாக வரும். இளையவள் கல்யாணத்தில் யாராவது வராமல் போனால், அந்த வாரத்திலேயே லட்டோடு தாம்பூலப் பையை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். மிஞ்சிய பைகளின் வேலை அதுதான். ஒன்றுமட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மூத்தவள் காதில் விழும்படி அந்த 350 கணக்கை இனிப் பேச வேண்டாம். அவளுக்கு அது அவளுடைய கல்யாண நாள். அம்மா அதை நினைத்து அழுகிறாள் என்பது அவளுக்குத் தாங்காது.

வைகாசி ஏற்பாட்டுக்கு வருவோம். பட்டியலை வீட்டுக் கணக்கில் எழுதாமல் ஆள் கணக்கில் எழுதுங்கள். முன்பெல்லாம் ஒரு பத்திரிகை என்றால் ஒரு குடும்பம். இப்போது டவுனில் ஒருவரோ இருவரோதான் வருகிறார்கள். யார் வீட்டில் என்ன விசேஷம், யார் வீட்டில் தீட்டு என்று தெரிந்த ஓர் அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிச்சயம், சந்தேகம், மரியாதைக்கு அழைப்பது என்று குறியுங்கள். நிச்சயத்தை முழுதாகவும், சந்தேகத்தைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும். பிறகு, அன்று ஊரில் எத்தனை மண்டபம் புக் ஆகியிருக்கிறது என்று நாதஸ்வரக்காரரையும் புரோகிதரையும் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஊரில் கல்யாணம் கிடையாது. வைகாசியின் பிற்பாதி ஜூனில் விழும். பள்ளி திறக்கிற வாரமென்றால் வெளியூர்க் குடும்பங்கள் குறையும்.

வருவீர்களா மாட்டீர்களா என்று நம் ஊரில் நேராகக் கேட்க முடியாது. கேட்டால் வர வேண்டாம் என்று சொல்வது போல ஆகிவிடும். அதனால் நான்கு நாள் முன்பு போன் செய்து, "எத்தனை மணி பஸ்ல வர்றீங்க? ராத்திரி தங்க ரூம் போடட்டுமா? உங்க ஊர்லருந்து வேன் அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் கரிசனம் இருக்கிறது, எண்ணிக்கையும் கிடைத்துவிடும். வெறும் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிய வீடுகளை நிச்சயக் கணக்கில் சேர்க்காதீர்கள். குங்குமம் கொடுத்து அழைத்த வீட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு.

காண்ட்ராக்டரிடம் எழுதி வாங்குங்கள். 500 பேர் என்று கணக்கு வந்தால் 400 இலைக்கு உறுதி கொடுங்கள். அடுத்த 100 இலைக்கு மளிகையும் காயும் அவர் வைத்திருக்கட்டும்; அடுப்பில் ஏறினால்தான் காசு. இதற்காக அவர் இலைக்குச் சில ரூபாய் கூட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். இலையை எடுக்கும்போது எண்ணினால் சண்டை வரும். போடும்போதே, பந்திக்குப் பந்தி, உங்கள் ஆள் ஒருவரும் அவர் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ணி ஒரே தாளில் எழுத வேண்டும். நீங்களே மளிகை வாங்கிக் கொடுத்து, சமையலுக்குக் கூலி மட்டும் பேசுவதாக இருந்தால், பிரிக்காத மூட்டையையும் எண்ணெய் டின்னையும் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பத்திரிகை அடித்து வந்ததும், ஐப்பசியில் வராமல் போனவர்கள் வீட்டுக்கு முதலில் போங்கள். நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து, தட்டில் வைத்து, நேரில் கொடுங்கள். அந்தப் பெயர்களுக்கு எதிரே சந்தேகம் என்று போட வேண்டாம். பழைய குறையைப் பேசாமல் வாசல் தேடி வந்து அழைத்தவர் வீட்டுக் கல்யாணத்தை நம் சனங்கள் லேசில் தவறவிடுவதில்லை. அவர்களை 400-க்குள்ளேயே எழுதுங்கள்.